ஐந்து அதர்

தண்ணீர் இரண்டு பத்துக்கு வந்தது.
கல்ஃபான் மடைக்கல்லில் சாய்ந்திருந்தார்,
மடியில் டார்ச் எரிந்தபடி.
முதலில் மடையைத் திருப்பினேன்.
அப்புறம்தான் தோளைத் தொட்டேன்.
அவர் பிள்ளைகளிடம்
இதை முன்பின்னாக மாற்றிச் சொன்னேன்.

நிஸ்வாவுக்கு மேற்கே, மலையடியில் ஊர்.
மலைக்குள்ளிருந்து ஃபலஜ் வரும்,
எட்டு நாளுக்கு ஒருமுறை எங்கள் வாய்க்காலுக்கு.
அரை மணி நேரம் ஓர் அதர்.
அவருக்கு ஐந்து அதர்.
நாற்பத்து மூன்று பேரீச்சை, ஆறு எலுமிச்சை,
ஆட்டுக்குக் கொஞ்சம் குதிரைமசால்.
நிலத்துக்குப் பத்திரம் இருந்ததா, தெரியாது.
தண்ணீருக்கு இருந்தது.

வடுகநாதன் என்ற பேர் அவர் வாயில் நிற்கவில்லை.
முதல் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு
வாதி என்றார்.
நம் பாஷையில் வழக்காடுகிறவன்,
அவர் பாஷையில் தண்ணீரில்லாத ஆறு.
பதினாறு வருஷம் அந்தப் பேருக்குத்தான் திரும்பினேன்.

நல்லவர் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது.
சம்பளம் இரண்டு மாதம் சேர்ந்துதான் வரும்.
குலை சரிந்தால் தோப்பே அதிரக் கத்துவார்,
கத்திய வாயோடு
சாப்பிட்டாயா என்பார்.

தலைஞாயிறில் என் அப்பா வைரக்கண்ணு செத்த அன்று
பாஸ்போர்ட் இவருடைய இரும்புப் பெட்டியில்.
சாவி இவரோடு மஸ்கட்டில், கண் ஆபரேஷனுக்கு.
மூன்றாம் நாள் ஒற்றைக்கண் கட்டோடு வந்தார்.
அதற்குள் அங்கே பால் தெளித்துவிட்டார்கள்.
மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை.
பாஸ்போர்ட்டை என் கையில் வைத்தார்,
பிறகு ஒருநாளும் திருப்பி வாங்கவில்லை.
தோப்பின் கோடியில் ஒரு பக்கக்கன்றை ஊன்றி
இன்றைக்குக் கடைசி அதர் உன் அப்பனுக்கு என்றார்.
எள் இல்லை.
தண்ணீர் இருந்தது.

அவரை உச்சிவெயிலுக்கு முன் அடக்கினார்கள்.
குழி வெட்டியவர்களில் நானும் ஒருவன்.
தொழுகையின்போது வண்டிக்குப் பக்கத்தில் நின்றேன்,
கையில் அவருடைய மண்வெட்டி,
நான் போட்ட இலந்தைப் பிடி.

பங்கு கணக்கு சீக்கிரம் முடிந்தது.
ஹுமைதுக்கு இரண்டு, மாஸினுக்கு இரண்டு,
ஸுவைனாவுக்கு ஒன்று.
ஐந்தாக இருந்தது நல்லதாகப் போயிற்று.
ஒருவனுக்குத் துறைமுகத்தில் கிரேன், ஒருவனுக்கு பேங்க்.
வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் பக்கம் ஏலம்,
நாலு அதரும் கீழ்த்தோப்புக்காரனுக்கு.
நான் என்ன சொல்ல?
அப்பாவின் முக்கால் காணியில்
இன்றைக்கு இறால் வளர்கிறது.
குத்தகைக் காகிதத்தில்
இங்கே உட்கார்ந்துதான் கையெழுத்துப் போட்டேன்.

ஸுவைனா ஸோஹாரில் டீச்சர். தன் ஒன்றை விற்கவில்லை.
வாய்ஸ் மெசேஜில் கேட்டாள்:
வாதி, அரை மணியில் எத்தனை மரம் நனையும்?
எட்டு. இழுத்துப் பிடித்தால் ஒன்பது.
எந்த ஒன்பது என்று கேட்பாள் என்று காத்திருந்தேன்.
நீயே பார்த்துக்கொள் என்று வந்தது.

முப்பத்து நாலு மரத்தை
எந்தப் பக்கமிருந்து கைவிடுவது?
தலைமடையில் நிற்பவை அவர் அப்பா வைத்தவை.
கலாஸ், குனைஸி, இடி விழுந்தும் காய்க்கிற ஃபர்த்.
தண்ணீர் முதலில் அவற்றிடம்தான் போகும்.
முதலில் போகிற இடத்தில்
அது எவ்வளவு நேரம் நிற்கும் என்று
கடைமடைக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

நேற்று முறை. இரண்டு பத்து.
மேல்பாத்திகளை ஒவ்வொன்றாக அடைத்தேன்,
பழைய சாக்கு, ஈரமண், குதிகால்.
ஓடவிட்டேன்.
வழியிலேயே பாதியை மணல் குடித்தது.
கோடியில் நிற்கிற கன்று,
இப்போது இரண்டு ஆள் உயரம்,
அதன் தூரைத் தொட்டபோது இரண்டு இருபத்தெட்டு.
மீதி பன்னிரண்டு நிமிஷம்.
எதற்கு விடுவது என்று
திரும்பி நடக்கும்வரை முடிவு செய்யவில்லை.
குனைஸியின் பாத்தியை
காலால் கொஞ்சம் உடைத்தேன்.

மடைக்கல் காலியாக இருந்தது.
நின்றுகொண்டேதான் மணி பார்த்தேன்.